தகுதியோர் ஆட்சியும் இடித்துரையும்: கொன்பூசியஸ் மரபின் அரசியற் சிந்தனை பற்றியதோர் ஆய்வு

ஆளத் தக்கார் யாவர் என்னும் வினாவிற்கு மேனாட்டார் கண்ட விடையும் சீனநாட்டுச் சான்றோர் கண்ட விடையும் வேறுவேறானவை. ஆளப்படுவோர் தாமே தெரிந்தெடுப்பவர் எவரோ அவரே ஆளத் தக்கார் என்பது மேனாட்டு விடை. அறிவாலும் ஒழுக்கத்தாலும் மேம்பட்டார் எவரோ அவரே ஆளத் தக்கார் என்பது சீனர் விடை. இவ்விரண்டில் முன்னையதே உலகனைத்திற்கும் உரிய முடிந்த முடிபு என்னும் எண்ணம், 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஃபுக்குயாமா வரலாற்றின் முடிவு பற்றி எழுதிய காலை மேலோங்கி நின்றது. அதன்பின் ஒரு தலைமுறை கழிவதற்குள், பின்னைய விடையைப் புதுக்கித் தாராண்மைச் சனநாயகத்திற்கு மாற்றாக நிறுத்தும் நூல்கள் பல வெளிவந்துள்ளன. ஜியாங் சிங், டானியல் பெல், பாய் தொங்தொங், யோசப் சான் என்போர் இத்துறையிற் பெயர்பெற்றவர். இவர்தம் கொள்கைகள் கொன்பூசியஸ் மரபின் முழு உருவையும் காட்டுவனவா, அன்றி ஒரு பாதியை எடுத்து மறுபாதியை நெகிழவிட்டனவா என்பது ஆராயற்பாலது.

கொன்பூசியஸ் (கி. மு. 551–479) வாழ்ந்த காலத்திற் சௌ மன்னரின் பேரரசு பெயரளவில் மட்டுமே நின்றது. சிற்றரசர் ஒருவரையொருவர் விழுங்க முயன்றனர். லூ நாட்டிற் பிறந்த அவர், தம் கொள்கையை ஏற்று நடத்தும் அரசனைத் தேடி ஏறத்தாழ 14 ஆண்டுகள் நாடுநாடாகத் திரிந்தும் அத்தகையான் ஒருவனைக் கண்டிலர். அவருடைய உரையாடல்களின் தொகுப்பே, 20 பகுதிகளையுடைய 'லுன்யூ' என்னும் நூலாக இன்று கிடைப்பது. சட்டத்தாலும் தண்டத்தாலும் மக்களை நடத்தினால் அவர் தண்டத்திற்குத் தப்ப வழிதேடுவரேயன்றி நாணுடையர் ஆகார் என்பதும், நல்லொழுக்கத்தாலும் மரபுவழி வந்த ஒழுகலாற்றாலும் நடத்தினால் தாமே நாணித் திருந்துவர் என்பதும் அந்நூலின் துணிபு. ஒரு நாட்டிற்கு இன்றியமையாதன எவை என மாணாக்கர் ஒருவர் வினாவியபோது, உணவு, படை, மக்கள் நம்பிக்கை என மூன்றைச் சொன்னார். விடவேண்டி நேரின் முதலிற் படையையும் அடுத்து உணவையும் விடலாம், நம்பிக்கையை இழந்த அரசு நில்லாது என்பது அவர் கருத்து. இவை போன்ற இடங்களைக் கொண்டே, இம்மரபு ஆள்வானின் பண்பை நம்பியது, அமைப்புக்களை நம்பாதது என்று பொதுவாகக் கூறுவர்.

இக்கூற்று முழுதும் பொய்யன்று. ஆயினும் அதே நூலில் வேறு சில இடங்களும் உள. அரசனுக்கு ஊழியஞ் செய்யும் முறை யாது என்று ஒரு மாணாக்கர் கேட்க, அவனை ஏமாற்றாதே, ஆயின் எதிர்த்து நின்று சொல் என்பதே விடையாயிற்று. நாட்டை அழிக்கவல்ல ஒரு சொல் உண்டோ என்று லூ நாட்டு மன்னன் வினாவியபோது, தான் கூறுவதை எவரும் மறுத்துரையாமையே அரசனாய் இருப்பதிலுள்ள இன்பம் என ஒருவன் சொல்வானாயின், அவன் கூறுவது தீதாயிருந்து மறுப்பாரும் இலராயின், அது நாட்டை அழிக்குஞ் சொல்லுக்கு மிக அணித்தாகும் என்றார். மேலுள்ளானைக் கீழுள்ளான், தனக்கு வருந் தீங்கை எண்ணாது, முகத்துக்கு நேரே குற்றங்கூறித் திருத்த முயல்வதைச் சீனர் 'ஜியென்' என்பர். இதற்கு நேரான தமிழ்ச்சொல் இடித்துரைத்தல். வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் கூறுமிடத்து இதனை வற்புறுத்தினர் ஆதலின் தமிழறிந்தார்க்கு இக்கருத்துப் புதிதன்று. லுன்யூவைப் படிக்கும் மேனாட்டார் பலர் பணிவைக் கூறும் பகுதிகளிலே நின்றுவிடுகின்றனர். பணிவும் எதிர்ப்பும் ஒரே ஆசிரியர் வாயில் வந்தவை என்பதை அவர் நோக்குவதில்லை.

கொன்பூசியஸிற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் பிற்பட்டுத் தோன்றிய மென்சியஸ் இதனை இன்னும் வெளிப்படையாக்கினார். மக்களே பெரியர், நாட்டுத் தெய்வங்கள் அவர்க்கு அடுத்து, அரசன் யாவரினும் எளியன் என்றார். கொடுங்கோலனாகிய சௌ என்னும் பண்டை மன்னனைக் கொன்றது அரசனைக் கொன்ற குற்றமாகாதோ என்று சி நாட்டு அரசன் வினாவ, தனி மனிதன் ஒருவன் கொல்லப்பட்டதைக் கேட்டதுண்டு, அரசன் கொல்லப்பட்டதைக் கேட்டதில்லை என்னுங் கருத்துப்பட விடையிறுத்தார். தகுதியுடையார் ஒருவரை உயர்பதவியில் அமர்த்தும் முறை பற்றியும் அவர் கூறியதுண்டு. அருகிலுள்ளார் எல்லாம் நல்லர் என்றாலும் போதாது. அமைச்சர் எல்லாம் நல்லர் என்றாலும் போதாது. நாட்டார் எல்லாம் நல்லர் என்று சொல்லும்போதே அவரை ஆராய்ந்து பார்த்து அமர்த்தல் வேண்டும். இஃது இன்றைய வாக்குரிமை ஆகாது. ஆராய்ந்து முடிவு செய்பவன் அரசனே. எனினும் நாட்டார் சொல் இல்லாமல் அவ்வாராய்ச்சி தொடங்குவதற்கே இடமில்லை.

மென்சியஸின் நூல் எத்துணை அச்சந் தருவது என்பதை நன்குணர்ந்தவன் மிங் மரபை நிறுவிய சூ யுவான்சாங் என்னும் பேரரசன். ஏழைக் குடியிற் பிறந்து, பிச்சையேற்கும் புத்த துறவியாய்த் திரிந்து, பின்னர்ச் சீனத்தின் அரியணை ஏறியவன் அவன். 1380இற் பேரமைச்சர் பதவியை ஒழித்தான். அதனை மீண்டும் நிறுவவேண்டும் என்று கூறுவார்க்கு மரணதண்டனை விதித்தான். 1394இல் அவன் ஆணைப்படி மென்சியஸின் நூலினின்றும் 85 பகுதிகள் நீக்கப்பட்டு, எஞ்சியதே மாணாக்கர் கைக்குக் கொடுக்கப்பட்டது. மக்கள் பெரியர் என்பதும் கொடுங்கோலனைப் பற்றியதும் நீக்கப்பட்டவற்றுள் அடங்கும். கொன்பூசியஸ் மரபைப் போற்றிப் பரீட்சைக்குப் பாடமாக்கிய அரசே அதன் நாவை அறுத்தது. இந்நிகழ்ச்சி பிற்கால வரலாறு முழுதிற்கும் ஒரு திறவுகோல் எனலாம்.

பரீட்சை முறை கி. பி. 605 அளவில், சூயி மரபினர் காலத்துத் தொடங்கியது என்ப. 1905இல் நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் அது நிலவிற்று. பிறப்பை நோக்காது கல்வியை நோக்கி அதிகாரிகளை எடுத்த இம்முறையைக் கண்டு 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் வியந்தனர். 1854ஆம் ஆண்டு அறிக்கையின் பின் பிரித்தானியர் அமைத்த போட்டிப் பரீட்சைக்கும், அதன் வழி இந்தியாவிலும் இலங்கையிலும் வேரூன்றிய சிவில் சேவைக்கும் இதனொடு தூரத்து உறவு உண்டென ஆராய்ச்சியாளர் காட்டுவர். ஆகவே தேர்வு முறையைச் சீனம் உலகிற்கு அளித்த அரசியற் செல்வங்களுள் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தும். ஆயின் செல்வம் அஃதொன்றே அன்று. இடித்துரை மற்றொன்று. அரசனையும் அதிகாரிகளையும் குற்றங்கூறுவதற்கென்றே தனிப் பதவிகள் இருந்தன. அரசன் ஆணையைத் திருப்பி அனுப்பவும், உயர் அதிகாரிகள்மேற் குற்றஞ்சாட்டி விண்ணப்பம் எழுதவும் அப்பதவியாளர்க்கு உரிமையிருந்தது. கொரியாவிலும் இவ்வழக்கம் ஆழமாக ஊன்றியது. 1404இல் அந்நாட்டு மன்னன் தேஜொங் வேட்டையிற் குதிரையினின்றும் விழுந்து, வரலாறு எழுதுவோனுக்கு இதனைச் சொல்லாதீர் என்றான். அவன் விழுந்ததும், சொல்லாதீர் என்றதும் ஆகிய இரண்டும் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளன.

தேர்வும் இடித்துரையும் ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்தன, எங்கே முரணின என்பதற்கு ஹாய் ருய் என்பாரின் வரலாறு சிறந்த சான்று. ஹைனான் தீவிலே 1514இற் பிறந்த இவர் மாகாணப் பரீட்சையில் மட்டுமே தேறினார். தலைநகரில் நடந்த உயர் பரீட்சையில் அவர் தேறவில்லை. அதே காலத்தில் அரசனுக்கு அடுத்த அதிகாரம் செலுத்தியவன் யென் சொங். அவன் 1505இல் உயர் பரீட்சையிலே தேறியவன், நல்ல புலவன். கைக்கூலியாலும் சூழ்ச்சியாலும் நாட்டைப் பாழ்படுத்தினான் என்று சீன வரலாற்றார் ஒருவாய்ப்படக் கூறுவது அவனையே. கல்வி ஒருவனது நெஞ்சை அளந்து காட்டும் என்று கருதியவர்க்கு இதனிற் பெரிய மறுப்பு வேண்டுவதில்லை.

அக்காலத்துப் பேரரசன் ஜியாஜிங் 20 ஆண்டுக்கு மேலாக அரசவைக்கு வருவதை நிறுத்திச் சாவா மருந்து தேடித் தாவோ சமயச் சடங்குகளில் ஆழ்ந்திருந்தான். 1566இல் ஹாய் ருய் வருவாய்த் துறையில் ஒரு நடுத்தர அதிகாரி. இடித்துரைக்கும் பதவி அவருடையதன்று. அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். அரசன் தன் கடமையை விட்டான், மகனுக்குத் தந்தையாகவும் மனைவிக்குக் கணவனாகவும் நடந்திலன், நாட்டார் அவனை வெறுத்து நெடுநாளாயிற்று என்னும் பொருள்பட அதில் எழுதப்பட்டிருந்தது. அதனைக் கொடுக்குமுன் தமக்கொரு சவப்பெட்டி வாங்கிவைத்தார். குடும்பத்தாரிடம் விடைபெற்றார். வேலைக்காரரை அனுப்பிவிட்டார். சினங்கொண்ட அரசன், அவன் ஓடிவிடாமற் பிடியுங்கள் என்று கூவ, அருகிருந்த ஏவலாளன், அவர் சவப்பெட்டி வாங்கிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார், ஓடமாட்டார் என்றான் என்பர். ஹாய் ருய் சிறையில் இடப்பட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலே அரசன் இறந்தமையால் உயிர்தப்பி விடுதலையானார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஹாய் ருய்யின் துணிவை வியந்து அமைவர். வியத்தற்குரியதே. ஆயினும் அரசியல் நோக்கிற் பார்க்குமிடத்து, அச்சவப்பெட்டி ஒரு குறையின் அறிகுறி. உண்மையைச் சொல்வது கடமை என்று விதித்த மரபு, சொன்னவன் உயிரோடிருப்பதற்கு யாதோர் அரணும் அமைத்திலது. அரசனின் மரணமே அவரைக் காத்தது. ஒரு நாட்டின் நன்மை ஒருவன் இறக்கும் நாளைப் பொறுத்து நிற்குமாயின் அந்நாட்டில் நல்லோர் இருந்தும் பயன் சிறிதேயாம்.

நானூறு ஆண்டு கழிந்த பின்னும் ஹாய் ருய் சீன அரசியலை விட்டகலவில்லை. 1959இன் முற்பகுதியில் மாவோ சேதுங், கட்சியினர் ஹாய் ருய்யைப் போலத் துணிந்து பேசக் கற்றல் வேண்டும் என்றார். அவ்வாண்டு யூலை மாதத்தில் லூஷான் மலையிற் கூடிய கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், பெரும் பாய்ச்சல் என்னுந் திட்டத்தின் கேடுகளைச் சுட்டி மாவோவிற்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி பறிக்கப்பட்டது. திட்டம் தொடர்ந்தது. அடுத்து வந்த பஞ்சத்திற் கோடிக்கணக்கான மக்கள் மாண்டனர். மிங் வரலாற்று ஆய்வாளரும் பீக்கிங் நகரத் துணைத் தலைவருமான வூ ஹான், ஹாய் ருய்யைப் பற்றி எழுதிய நாடகம் 1961இல் மேடையேறிற்று. அது பெங்கைக் குறித்து எழுதப்பட்டதென்று 1965 நவம்பரில் எழுந்த கண்டனமே கலாசாரப் புரட்சியின் தோற்றுவாயாயிற்று. வூ ஹான் 1969இற் சிறையில் இறந்தார். ஹாய் ருய்யைப் பின்பற்றுக என்று சொன்ன தலைவரே, பின்பற்றினாரைப் பொறுத்திலர். கொன்பூசியஸ் மரபை வேரறுக்க முனைந்த ஆட்சியிலும் அம்மரபின் பழைய நோய் அப்படியே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

நோய் இன்னதென்று மரபின் உள்ளிருந்தே கண்டு சொன்னவர் ஹுவாங் சொங்சி (1610–1695). இவரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். இவர் தந்தையார் மிங் அரசவையிலே நேர்மையாளர் பக்கம் நின்று, வெய் சொங்சியென் என்னும் அரண்மனை அலியின் கூட்டத்தாராற் சிறையிலிடப்பட்டு 1626இல் உயிர்நீத்தவர். மிங் மரபு 1644இல் வீழ்ந்தது. மஞ்சு மரபினரை எதிர்த்துப் போரிட்டும் பயனின்றி, ஹுவாங் ஒதுங்கி வாழ்ந்து 1663இல் ஒரு சிறு நூலை முடித்தார். இருளில் அடங்கிய ஒளி விடியலை நோக்கியிருப்பதைக் குறிப்பது அதன் பெயர். தந்தையை இழந்தவரும் நாட்டை இழந்தவருமாகிய ஒருவர் எழுதிய நூலாதலின், அதில் ஏட்டுக் கல்வியின் மணத்தினும் புண்ணின் வெம்மையே மிகுதி.

பண்டைநாளில் மக்கள் வீட்டிற்குரியார், அரசன் விருந்தினன், இன்று அந்நிலை மாறிவிட்டது என்று அந்நூல் தொடங்குகிறது. அமைச்சன் அரசனின் ஏவலாளன் அல்லன். பெருமரம் ஒன்றைச் சேர்ந்து இழுப்பவரிடையே ஒருவன் முன்னும் ஒருவன் பின்னும் நிற்பதுபோல்வர் அரசனும் அமைச்சனும். இவற்றினும் அரியது சட்டம் பற்றி அவர் கூறியது. நல்ல மனிதர் இருந்தாற் போதும், நல்ல சட்டம் தானே வரும் என்பது சூன்சு முதலாய பழைய ஆசிரியர் கொள்கை. ஹுவாங் அதனைத் தலைகீழாக்கினார். நல்ல சட்டம் முதலில் வேண்டும், அஃது இருந்தாலே நல்ல மனிதர் செயற்பட இயலும் என்றார். என்னை? ஒரு குடும்பத்தின் நலனுக்கென்றே இயற்றப்பட்ட சட்டங்கள் நல்லோரின் கைகால்களையும் கட்டிவிடுதலின் என்க. பேரமைச்சர் பதவியை ஒழித்த நாளே மிங் ஆட்சியின் சீர்கேடு தொடங்கிய நாள் என்று அவர் துணிந்ததும் இக்கருத்துப் பற்றியே.

அவர் அமைக்க விரும்பிய நிறுவனம் பள்ளி. அரசன் சரியெனக் கொண்டது சரியென்றே முடியாது, அவன் தவறெனக் கொண்டது தவறென்றே முடியாது, பள்ளியிலே பலரறிய ஆராய்ந்து முடிவு காணல் வேண்டும் என்றார். தலைநகர்ப் பெரும் பள்ளியின் தலைவர் பேரமைச்சருக்கு ஒத்த மதிப்புடையவர். மாதத்தின் முதல் நாளில் அரசன் அமைச்சரோடு அங்குச் செல்லல் வேண்டும். பள்ளித் தலைவர் தெற்கு நோக்கி வீற்றிருப்ப, அரசன் மாணாக்கர் வரிசையில் அமர்ந்து கேட்டல் வேண்டும். தெற்கு நோக்கி அமர்தல் சீனத்தில் அரசனுக்கே உரியது என்பதை நினைவிற் கொண்டால் இதன் பொருள் விளங்கும். ஆட்சியிற் பிழையிருப்பின் தலைவர் மறையாது கூறுவர். ஊர்களிலும் இதுவே முறை. மாதம் இருமுறை உள்ளூர்ப் பள்ளியில் அதிகாரி மாணாக்கனாக அமர்தல் வேண்டும். கல்வி முதிராத இளம் அதிகாரி ஒருவன் முதியோரை மதியாது தலைமை கொள்ள முற்படின் மாணாக்கர் கூச்சலிட்டு அவனை வெளியேற்றலாம். அவ்வூர்ப் பள்ளித் தலைவரை அரசவை நியமித்தல் ஆகாது. ஊரார் பொதுவிற் கூடி ஆய்ந்து வரவழைத்தல் வேண்டும்.

இவ்விறுதிக் கூற்றிலேயே ஹுவாங்கின் பெருமை அடங்கியுள்ளது. இடித்துரைப்பவனை நியமிக்கும் உரிமை இடித்துரைக்கப்படுபவன் கையில் இருத்தல் ஆகாது என்பதை அவர் கண்டனர். உழவரும் கம்மியரும் அப்பள்ளியிற் பேச இடமில்லை என்பது அவர் திட்டத்தின் குறையாம். கற்றோரே ஊரார் என அவர் எண்ணினர் போலும். எனினும் ஹாய் ருய்யின் சவப்பெட்டியை வேண்டாததாக்குதற்கு முதற்படி அதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியாங் சிசாவ், தான் சிதொங் முதலிய சீர்திருத்தக்காரர் இந்நூற் பகுதிகளை மறைவாக அச்சிட்டுப் பரப்பினர்.

இப்பின்னணியிற் புதிய நூலாரை நோக்குமிடத்து அவர் எடுத்ததும் விட்டதும் புலனாகும். அவருள் மிகத் துணிவான திட்டம் ஜியாங் சிங் என்பாருடையது. 1953இற் பிறந்த இவர் மூன்று மன்றங்கள் கொண்ட சட்டசபையை வகுத்தார். கொன்பூசியஸ் நூல்களிற் புலமையுடையாரின் மன்றம் ஒன்று, மக்கள் தெரிந்தெடுப்போரின் மன்றம் ஒன்று, நாட்டின் வரலாற்றுப் பெருமையைப் பேணும் மன்றம் ஒன்று. இவை விண், மக்கள், மண் என்பவற்றின் இசைவைக் குறிப்பன. கற்றோர் மன்றத் தலைவரின் பதவிக்காலம் 15 அல்லது 20 ஆண்டு. மூன்றாம் மன்றத்திற்குக் கொன்பூசியஸின் வழித்தோன்றல் ஒருவர் மரபுரிமையால் தலைவராவர். எல்லாவற்றையும் மேற்பார்வை செய்யக் கல்விக்கழகம் ஒன்றும் உண்டு. இக்கல்விக்கழகத்திற்கு ஹுவாங்கின் பள்ளியை முன்னோடியாகக் காட்டுவர். ஒப்புமை மேற்போக்கானது. ஹுவாங்கின் கற்றோர் ஆள்வோரை நோக்கி நிற்பவர். ஜியாங்கின் கற்றோர் தாமே ஆள்வோர். அவரை மேற்பார்வை செய்வாரும் அவர் கூட்டத்தவரே. அவரை இடித்துரைப்பார் யார் என்னும் வினாவிற்கு அந்நூலில் விடையில்லை. பிறப்புரிமையை நீக்குதற்கே பரீட்சை தோன்றியிருக்க, ஆசிரியரின் பெயரால் பிறப்புரிமையை மீண்டுங் கொணர்வதும் விந்தையே.

கனடா நாட்டினரான டானியல் பெல் 2015இல் வெளியிட்ட 'சீன மாதிரி' என்னும் நூல் இதனினும் நிதானமானது. ஊர்மட்டத்திற் சனநாயகம், நடுமட்டத்திற் பரிசோதனை, உச்சியிலே தகுதியோர் ஆட்சி என்பது அவர் கண்ட அமைப்பு. சனநாயகத்தின்மேல் அவர் கூறுங் குற்றங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. வாக்காளர் பலர் தம் முன்னுள்ள வினாக்களை அறியாமலே வாக்களிக்கின்றனர். செல்வமுடைய சிறு கூட்டத்தினர் தேர்தலைத் தம் வசப்படுத்துகின்றனர். இனிப் பிறப்போர்க்கும் அயல்நாட்டார்க்கும் வாக்கில்லை, ஆயின் இன்று செய்யப்படும் முடிபுகளின் பயனை நுகர்வோருள் அவரும் உளர். நான்காண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ ஒருமுறை வரும் தேர்தலை நோக்கியே அரசு நடத்துவோர் நூறாண்டுக்கு வேண்டிய காரியத்தைச் செய்யார். இவற்றை உணர்ந்த மேனாட்டாரும் உளர். யோன் ஸ்ருவாட் மில் 1861இலே கற்றோர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் அளித்தல் வேண்டும் என்றனர். ஆகவே தகுதி வேண்டும் என்னும் வேட்கை சீனர்க்கே உரியதன்று, அதனை இகழ்தலும் முறையன்று.

பெல்லின் வாதத்தில் இடறுமிடம் வேறு. தகுதியோரைத் தெரிதற்குப் பரீட்சையும் கீழ்ப்பதவிகளிற் காட்டிய திறமையும் உதவும் என்கிறார். தெரியப்பட்டவர் தகுதி இழந்த நாளில் அவரை நீக்குவது எவ்வாறு? 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சீனத் தலைவரின் பதவியை இரு தவணைக்கு மட்டுப்படுத்தியிருந்தது. கட்சித் தலைமைக்கும் படைத் தலைமைக்கும் அத்தகைய எல்லை சட்டத்தில் இல்லையெனினும், தலைமுறைக்குத் தலைமுறை தலைமை மாறும் வழக்கத்திற்கு அஃதொரு நிலைக்களமாயிருந்தது. 2018 மார்ச் 11ஆந் தேதி அம்மட்டு நீக்கப்பட்டது. ஆதரவாக 2,958 வாக்குகள், எதிராக 2, வாக்களியாதார் 3, செல்லாதது 1. லூ நாட்டு மன்னனுக்குக் கொன்பூசியஸ் சொன்ன விடையை அறிந்தார்க்கு இவ்வெண்கள் தரும் அச்சம், சனநாயகத்தின் எவ்வளவு பெரிய கூச்சலும் தருவதன்று. எதிர்ப்பு இன்மையைத் தகுதிக்குச் சான்றாகக் கொள்வது அம்மரபின் மூல ஆசிரியர்க்கே உடன்பாடன்று.

இடித்துரை இல்லாத ஆட்சியின் விளைவு அரசவையோடு நில்லாது. 2019 டிசம்பர் இறுதியில் வூஹான் நகரக் கண்வைத்தியர் லி வென்லியாங், புதியதொரு நோய் பரவுவதாகத் தம் உடன் கற்ற வைத்தியரை எச்சரித்தார். 2020 சனவரி 3ஆந் தேதி பொலிஸார் அவரை அழைத்துப் பொய்யுரை பரப்பினார் என்று கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். அந்நோய் பற்றி அவர் பெப்ரவரி 7ஆந் தேதி இறந்தார். மார்ச்சு மாதத்தில் அக்கண்டனம் தவறென்று திரும்பப் பெறப்பட்டது. வூஹானிலும் மேலிடத்திலும் அப்போதிருந்த அதிகாரிகள் பரீட்சையிலும் படிப்படியான பதவி உயர்விலும் தேர்ந்தவரே. தேர்வில் யாதுங் குறையில்லை. கீழிருந்து மேலே செல்லவேண்டிய சொல்லுக்கு வழியில்லை என்பதே குறை.

இனி, இம்மரபினின்றே வேறு வழி கண்டாரும் உளர். 1958ஆம் ஆண்டின் முதல் நாளில் மோ சொங்சான், தாங் ஜுன்யி, சூ ஃபுகுவான், சாங் ஜுன்மாய் என்னும் நால்வர் சீனப் பண்பாடு பற்றி உலகிற்கோர் அறிக்கை விடுத்தனர். சீனத்தில் ஆட்சி நடத்தும் வழி வளர்ந்ததே தவிர, ஆட்சியுரிமை கைமாறும் வழி வளரவில்லை என்று மோ பின்னர் எழுதியது கூர்மையான கூற்று. மரபின் உள்ளுறை நோக்கமே சனநாயகத்தை வேண்டி நிற்கிறது என்பது அவர் துணிபு. சிங்கப்பூர்த் தலைவர் லீ குவான் யூ 1994இல் ஆசியப் பண்பாடு மேனாட்டுச் சனநாயகத்திற்கு ஏற்றதன்று என்னுங் கருத்தைக் கூறியபோது, கொரியத் தலைவர் கிம் டே-ஜுங் அவ்வாண்டிலேயே மறுப்பு எழுதினார். அவர் எடுத்துக்காட்டியது மென்சியஸையும் தம் நாட்டு இடித்துரைப் பதவிகளையுமே. படையாட்சியின் கீழ் மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தப்பியவர் அவர். மரபில் எப்பகுதி உயிருள்ளது என்பதை நூலறிவால் மட்டும் அறிந்தவரல்லர். ஹொங்கொங் பேராசிரியர் யோசப் சான் இருவழிகளையும் இணைக்க முயன்றார். நற்பண்பு தவறிய இடத்துக்குத் தாங்கலாக மனித உரிமைகளையும் தேர்தலையும் ஏற்று, அனுபவமுடைய பொதுச்சேவையாளரைக் கொண்ட இரண்டாம் மன்றத்தை அவற்றோடு சேர்த்தனர். புதிய நூலாருள் ஹுவாங்கின் உள்ளத்திற்கு மிக அணியர் இவரே.

ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கு வந்த முயற்சி ஒன்றும் உண்டு. சுன் யாட்-சென் மேனாட்டாரின் மூவகை அதிகாரங்களோடு பரீட்சை, கண்காணிப்பு என்னும் இரண்டையும் பழைய மரபினின்றும் எடுத்துச் சேர்த்து ஐவகை அதிகாரங் கொண்ட அமைப்பை வகுத்தார். 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அவை இடம்பெற்றன. 1949இன் பின் அவ்வமைப்புத் தாய்வானில் நின்றது. நாற்பதாண்டு ஒரு கட்சி ஆட்சியிலே கண்காணிப்பு மன்றம் பெரிதும் ஒன்றுஞ் செய்யவில்லை. 1992இல் அதன் உறுப்பினரை நாட்டுத் தலைவர் நியமித்து வேறொரு சபை இசைவளிக்கும் முறை வந்தது. அஃதாவது இடித்துரைக்கப்படுபவரே இடித்துரைப்போரைப் பெயர் குறித்தார். 1996இல் மக்கள் நாட்டுத் தலைவரை நேரே தெரிந்தெடுத்தனர். 2005 தொடக்கத்திற் சென் ஷுய்-பியென் குறித்த பெயர்களைச் சட்டசபை ஆராய மறுத்தமையால் கண்காணிப்பு மன்றம் 2008 வரை மூன்றாண்டுக்கு மேல் ஆளின்றி வெறுமையாய்க் கிடந்தது. அக்காலத்திலேயே, 2006 நவம்பரில், அத்தலைவரின் மனைவிமேல் அரசாங்க வழக்குரைஞர் ஊழற் குற்றம் சாட்டினர். சிவப்பு உடையணிந்த மக்கள் பெருந்திரளாகத் தெருவில் அமர்ந்து அவரைப் பதவி விலகுமாறு கூவினர். பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. அவ்வழக்குரைஞரோ, எழுத்தாளரோ, தெருவில் அமர்ந்தாரோ எவரும் முன்னதாகச் சவப்பெட்டி வாங்கிவைக்க வேண்டியிருக்கவில்லை.